அயல்நாட்டு ஊழியத்தில் ஒரு தம்பதிக்கு நாள் எப்படிப் போகும்?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் இறையியல் முடித்தவர், அவள் நர்சிங் படித்தவள். இருவரையும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்கு அனுப்பலாமா என்று அவர்கள் சபையில் பேச்சு நடக்கிறது. "அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்கிறார்கள். எனக்கு என்ன வேலை இருக்கும்? சமைத்துப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடப்பேனா?" இதுதான் கேள்வி.

மகளே, உன் வயதில் எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் பொறையாரில் பிறந்தவள், நர்ஸ். என் வீட்டுக்காரர் ஐயர், அதாவது சபைப் போதகர். 1996 முதல் 2005 வரை தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், மோஷி நகரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சபையில் இருந்தோம். அவர் உபதேசியார்களுக்கு, அதாவது போதகருக்கு உதவும் சபை ஊழியர்களுக்கு, பாடம் நடத்தினார். நான் சபையை ஒட்டிய சின்ன மருந்தகத்தில் வேலை பார்த்தேன்.

உனக்கு வேலை இருக்குமா என்று கவலைப்படவே வேண்டாம். உன் கணவரைவிட அதிகமாகவே இருக்கும். கவலைப்பட வேண்டியது வேறொன்று: அந்த வேலையை யாராவது வேலை என்று கணக்கில் எழுதுவார்களா? எங்களை அனுப்பிய அமைப்பின் தாளில் அவர் பெயருக்கு எதிரே பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, மொழிப் பயிற்சிக்கு நான்கு மாதம் இருந்தது. என் பெயருக்கு எதிரே "மனைவி, உடன் செல்பவர்" என்று மட்டும் இருந்தது. ஒன்பது வருடத்தில் எங்களுக்கு வந்த கஷ்டங்களில் பாதி அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். வாசலிலிருந்துதான் சொல்ல வேண்டும். அங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டமாட்டார்கள். வாசலில் நின்று "ஹோடி" என்பார்கள். உள்ளேயிருந்து "கரிபு" என்று நாம் சொன்னால்தான் படியேறுவார்கள். எங்கள் வீட்டில் முதல் ஹோடி விடிவதற்கு முன்பே கேட்கும். இரவு முழுக்கக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு ஒரு தாய் நிற்பாள். மருந்தகம் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், ஆனால் நர்ஸ் இருக்கும் வீடு எது என்று ஊருக்கே தெரியும். அவளை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் இரண்டாவது ஹோடி. பாடசாலைக்குக் கட்டணம் கட்ட முடியாத பையன். அடுத்தது, வழக்கைத் தீர்த்துவைக்கச் சொல்லி அண்ணனும் தம்பியும். அதற்குள் அவர் குளித்துச் சட்டை மாற்றி வகுப்புக்குக் கிளம்பியிருப்பார். கிளம்புகிறவருக்கு வாசலைத் தாண்டிப் போகலாம், வீட்டில் இருப்பவளுக்கு அந்த வாசலே வேலை.

எட்டரைக்கு மருந்தகம். ஊசி, கட்டுப்போடுவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளை எடைபோட்டு அட்டையில் குறிப்பது. மதியம் வீட்டுக்கு வந்தால் அவருடைய மாணவர்கள் நாலு பேர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் பெண்கள் கூடுகை, சாவு வீடு, பிரசவ வீடு. இரவு பிள்ளைகள் தூங்கியபின் மருந்துக் கணக்கு, சபைக் கணக்கு, ஊருக்கு எழுத வேண்டிய கடிதம். இங்கே ஐயரம்மா எப்படியோ அப்படித்தான் அங்கே "மாமா ம்சுங்காஜி". ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. ம்சுங்காஜி என்றால் ஆடுமாடு மேய்ப்பவர், போதகருக்கும் அதே சொல். மேய்ப்பர் என்று நாம் சொல்வது போலத்தான். அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே எனக்கு அந்த மொழிமேல் பாசம் வந்துவிட்டது.

அந்த மொழியை ஒழுங்காகக் கற்காததால் நான் செய்த ஒரு தவறை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். போன முதல் வருடம். அவர் மொழிப் பள்ளியில் இருந்தார், நான் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுப் படித்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தாள். காய்ச்சல், ஆனால் பால் குடித்தது, கண் தெளிவாக இருந்தது. மருந்து கொடுத்துவிட்டு, "நாளைக்கு எட்டு மணிக்குக் கட்டாயம் கொண்டுவா, ரத்தம் பார்க்க வேண்டும்" என்று சொல்ல நினைத்தேன். எட்டுக்கு "நானே" என்று தெரியும். "கேஷோ, சா நானே" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அங்கே மணியைச் சூரியன் எழுவதிலிருந்து எண்ணுகிறார்கள், மகளே. நம் பாட்டிமார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரி. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி என்பது "சா ம்பிலி", அதாவது இரண்டு. நான் சொன்ன சா நானே என்பது பிற்பகல் இரண்டு மணி. காலையில் அவளைக் காணோம். வேறு நோயாளிகள் வந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இரண்டு மணிக்கு வந்தாள், நான் சொன்ன சொல் தவறாமல். அதற்குள் குழந்தைக்கு வலிப்பு ஒரு தடவை வந்து போயிருந்தது. மலேரியா. சபை வண்டியில் ஏற்றி மோஷிக்குக் கொண்டுபோனோம். அவள் மடியில் குழந்தை, என் கையில் குளுக்கோஸ் பாட்டில், மலைப்பாதை முழுக்கப் பள்ளம். குழந்தை பிழைத்தது. அந்தத் தாய் என்மேல் கோபப்படவேயில்லை, நன்றாகத்தான் பேசினாள். எனக்குத்தான் பல இரவு தூக்கம் வரவில்லை. நான்கு மாதப் பயிற்சி எனக்கும் கொடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே மணி சொல்லக் கற்றிருப்பேன்.

இதைச் சொல்லும்போது நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்தது ஜெர்மனியில் என்றாலும் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவை நான் தரங்கம்பாடிக்காரர் என்றுதான் நினைக்கிறேன். 1706 ஜூலை 9-ஆம் தேதி உடன் ஊழியர் புளுட்சோவோடு வந்து இறங்கினார். கப்பலில் மட்டும் ஏழு மாதத்துக்கு மேல். வந்ததும் தமிழ் படிக்கத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிறகு தன் ஒரு நாளை மணிவாரியாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடி வாசிப்பு, பக்கத்தில் ஒரு கவிராயரும் ஓர் எழுத்தரும். மதியம் வெயிலுக்குச் சற்று ஓய்வு, மறுபடி வாசிப்பு. இரவில் விளக்கொளியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அப்படி உழைத்ததால்தான் வந்து ஒன்பதே வருடத்தில், 1715-ல், புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

அவருக்கு ஒரு மனைவி இருந்தார் என்பது உனக்குத் தெரியுமா? மரியா டொரொதியா. 1715-ல் ஐரோப்பாவில் கல்யாணம், 1716-ல் கணவரோடு தரங்கம்பாடி. 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை. 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு 36 வயதில் காலமானார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். இந்த அம்மாள் இந்த மண்ணில் கணவரோடு வாழ்ந்தது மூன்று வருடம்கூட நிறையவில்லை. ராஜ வீதியில் கணவருக்குச் சிலை இருக்கிறது, பள்ளிக்கூடங்களுக்குக் கணவர் பெயர் இருக்கிறது. இந்த அம்மாளின் பெயரை நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. தான்சானியாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த வீட்டு வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள், பாஷை புரியாமல் அந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

"அதற்குத்தான் ஸ்வார்ட்ஸ் ஐயர் மாதிரி கல்யாணமே செய்யாமல் ஊழியம் பண்ண வேண்டும்" என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சொல்வார். 1750-ல் மிஷனரியாக வந்து 1798-ல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை 48 வருடம் தனியாள்தான் அவர். ஆனால் அவர் வீடு காலியாகவா இருந்தது? கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் சிறுவனாகத் திருநெல்வேலியிலிருந்து அவரோடு வந்து வளர்ந்தவர். தஞ்சை இளவரசர் சரபோஜிக்கு ஸ்வார்ட்ஸ் ஐயரே பாதுகாவலர். மிஷனரி வீடு என்று ஒன்று இருந்தால் அதில் பிள்ளைகளும் பசித்தவர்களும் நிறைந்துவிடுவார்கள். யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் எப்போதும் கேள்வி.

நாங்கள் போன இடத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் 1840-களில் வேலையைத் தொடர்ந்த அதே ஜெர்மானிய லைப்சிக் மிஷன்தான் 1893-ல் கிளிமஞ்சாரோவுக்கும் போனது. நம் சபை 1919-ல் தமிழ் லுத்தரன் திருச்சபையாக நின்றது, அங்கே 1963-ல் ஏழு சபைகள் சேர்ந்து தான்சானிய லுத்தரன் திருச்சபை ஆயின. பழைய ஆராதனை ராகங்கள் சிலவற்றை அங்கே ஸ்வாஹிலியில் கேட்டபோது பொறையார் ஆலயத்தில் நிற்பது போலவே இருந்தது.

ஆனால் எங்களை அந்த ஊர் தன் ஆட்களாக எடுத்துக்கொண்டதற்குப் பிரசங்கம் காரணமில்லை, வாய்க்கால்தான் காரணம். அந்த மலையில் வாழும் சக்கா மக்கள் பல தலைமுறைக்கு முன்பே ஓடைகளிலிருந்து கிளை பிரித்து, மலைச்சரிவில் வளைத்து வளைத்து, வாழையும் காப்பியும் நிற்கும் தங்கள் வீட்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள். அந்த வாய்க்காலுக்கு "ம்ஃபோங்கோ" என்று பெயர். வெட்டிய குடும்பத்துக்கு அதில் முதல் மரியாதை. தண்ணீருக்கு முறை உண்டு. மழைக்கு முன் எல்லாரும் கூடித் தூர்வார வேண்டும், வராத வீட்டுக்கு அபராதம். என் வீட்டுக்காரர் குத்தாலத்துப் பக்கத்து விவசாயி மகன். இதைக் கேட்டதும் அவருக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நம்ம குடிமராமத்துதானே இது!

ஒரு சனிக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் மண்வெட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலில் எல்லாரும் பதறினார்களாம், ம்சுங்காஜி சேற்றில் இறங்கக்கூடாது என்று. இவர் கேட்கவில்லை. ஓரிடத்தில் கரை உள்வாங்கித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கசிவின் மேல்பக்கத்தில் புல்லோடு மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, வேர்ப்பக்கம் உள்ளே போக வைத்துக் காலால் மிதித்து அடைத்தார். அவர் அப்பா வயல் வரப்பில் செய்வது. அங்கிருந்த கிழவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இதே மாதிரிதான் நாங்களும் செய்வோம், உனக்கு யார் சொல்லித்தந்தது என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் அந்தக் கிழவர் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் ஹோடி சொன்னார். அதன் பிறகு வாய்க்கால் கூட்டங்களுக்கும் இவரைக் கூப்பிட்டார்கள்.

நெல்லும் அங்கே உண்டு. மோஷிக்குக் கீழே சமவெளியில் ஜப்பான் உதவியோடு 1980-களில் பாசனம் அமைத்து நெல் போடுகிறார்கள். நாற்று நடவைப் பார்த்த அன்று நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் இருப்பது போல் அவர்களுக்கும் ம்புங்கா, ம்செலே, வாலி என்று மூன்று சொல். ஊருக்குப் போன் போட்டால் மாமனார் முதலில் மேட்டூர் திறந்த கதையைச் சொல்வார், இவர் பதிலுக்கு அங்கத்து மழையைச் சொல்வார். பிள்ளைகள் நலமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வரும்.

ஞாயிறு ஓய்வு என்று நினைக்காதே, அதுதான் நீண்ட நாள். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம் நடக்கும். காசு இல்லாதவர்கள் காணிக்கையாக முட்டை, கோழி, வாழைத்தார், கரும்பு கொண்டுவருவார்கள், அதைச் சபையார் ஏலம் எடுப்பார்கள். நம் அறுப்பின் பண்டிகையில் நடப்பதுதான். ஒரே முட்டையை வாங்கியவர் மறுபடி காணிக்கையாக வைக்க, அது மூன்று முறை ஏலம் போகும். அதன்பின் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. மறுத்தால் மனம் புண்படும். வாழைக்காயை இறைச்சியோடு குழைய வேகவைத்த மச்சலாரி பழகிவிட்டால் விடமாட்டாய். புளி சந்தையில் கிடைக்கும், உளுந்து டவுனில் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும். இட்லிக்குக் குறையில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத வேலை ஒன்று உண்டு: ஜெபக் கடிதம். ஊழியத்தைத் தாங்குகிற சபைகளுக்கு அங்கே நடப்பதை மாதாமாதம் எழுத வேண்டும். இது நேற்று வந்த வழக்கமில்லை. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதைப் படித்தவர்கள் அனுப்பிய காணிக்கையும் சேர்ந்துதான் நம் பள்ளிகளும் அச்சகமும் நடந்தன. அந்தக் கடிதத்தை எழுதும்போது கையில் ஒரு நடுக்கம் இருக்க வேண்டும், மகளே. நம் முன்னால் அழுதவர்களின் கண்ணீரைக் காணிக்கைக்காக விரித்துக் காட்டக்கூடாது. நான் ஒரு விதி வைத்திருந்தேன்: அந்தத் தாய் இதைப் படித்தால் முகம் சுளிப்பாளா? சுளிப்பாள் என்றால் எழுதமாட்டேன்.

விடுமுறையும் விடுமுறையில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் வந்தால், தஞ்சை, திருச்சி, நாகை என்று சபை சபையாகப் போய்ப் பேச வேண்டும். ஒரு தடவை வந்த அறுபது நாளில் என் அம்மாவோடு சேர்ந்தாற்போல் தங்கியது ஆறு நாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் நாள் காலை பெட்டியைக் கட்டும்போது முறுக்கு டப்பாவைச் சேலைக்குள் சுற்றிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது, அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் பின்னால். இருந்தாலும் உன் அம்மாவுக்கென்று நாட்களை முதலிலேயே ஒதுக்கி அமைப்பிடம் சொல்லிவிடு.

கணவன் மனைவி பேசிக்கொள்ள நேரம் கிடைக்குமா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான்காம் வருடம் ஒரு நாள் இரவு, எங்களுக்குள் ஒரு வாரமாகப் பேச்சே மருந்து, வண்டி, பணம் இவற்றைப் பற்றி மட்டும் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அழுதேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சபை மூப்பர்களிடம் போய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் ஹோடி சொல்ல வேண்டாம், உயிர் போகிற காரியம் தவிர, என்று கேட்டுக்கொண்டார். மூப்பர் ஒருவர் சொன்னாராம், இதை நீங்கள் எப்போது கேட்பீர்கள் என்று காத்திருந்தோம் என்று.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வெளியூரில் வேலை பார்க்கும் சக்கா குடும்பங்கள் எல்லாம் மலைக்குத் திரும்பிவரும், ஊர் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபின் ரேடியோவில் கடல் வந்துவிட்டது என்றார்கள். நாகப்பட்டினம் என்ற பெயர் காதில் விழுந்தது. எங்கள் வீடு பொறையாரில் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆனால் என்னோடு படித்தவர்கள் கடற்கரைக் குப்பங்களில் இருந்தார்கள். போன் போகவில்லை. மூன்று நாள் போகவில்லை. அந்தச் சாயங்காலம் வாசலில் ஹோடி கேட்டது. பிறகு இன்னொன்று. இருட்டுவதற்குள் முற்றம் முழுக்க ஆட்கள். ஒருவரும் எதுவும் கேட்க வரவில்லை. "போலே, மாமா, போலே சானா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். துயரத்தில் இருப்பவரிடம் சொல்கிற சொல் அது. என் அடுப்படியில் வேறு பெண்கள் உஜி காய்ச்சினார்கள், நம் கஞ்சி மாதிரி. என் பிள்ளைகளுக்கு ஊட்டியவள், அன்று காய்ச்சல் குழந்தையோடு இரண்டு மணிக்கு வந்தாளே, அவள். அந்தக் குழந்தை எட்டு வயதுப் பையனாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மூன்று இரவும் யாராவது ஒருத்தி என்னோடு படுத்தாள். நான்காம் நாள் அண்ணன் குரல் கேட்டது. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள் என்றார். வகுப்புத் தோழிகள் இருவரைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் பேசவில்லை.

போவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன், அது நீங்கள் இருவரும் ஜெபித்து எடுக்க வேண்டிய முடிவு. போவதானால், கையெழுத்துப் போடும் முன் கமிட்டியில் நீயும் உட்கார்ந்து பேசு, உன் கணவரை மட்டும் பேசவிடாதே. நியமனத் தாளில் உன் பெயரும் நீ செய்யப்போகும் வேலையும் தனியாக இருக்க வேண்டும். மொழிப் பயிற்சி இருவருக்கும் ஒரே அளவு, குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கும் சேர்த்துப் பணம். அந்த நாட்டில் நர்ஸாக வேலை பார்க்கப் பதிவு தேவை, வேலை அனுமதியும் தேவை. அதை நீ போய் இறங்கும் முன் அவர்களே முடித்துத்தர வேண்டும். மருத்துவக் காப்பீடு, பிள்ளைகள் பள்ளி, பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போனால் உடனே வர டிக்கெட் செலவு, இவையெல்லாம் வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மூடிக்கொள்ளாதே.

உன் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு பொறையாருக்கு ஒரு நாள் வா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், அந்த வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. நான் எழுதிப் படித்த ஸ்வாஹிலி நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் மணி சொல்வது எப்படி என்றுதான் எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போ.